ஒருத்தர் சொல்ல, இருபது பேர் எழுதிய கதை



போன ஞாயிற்றுக்கிழமை நம் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் வேலை. பழனி மலைக்குக் குடும்பத்தோடு வந்தவன், அப்படியே நெய்க்காரப்பட்டிக்கும் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனான். காபி குடிக்கும்போது, "சார், நேத்து ராத்திரி முந்நூறு மெஷினுக்கு ஒரே நேரத்துல சிஸ்டம் போட்டுட்டுத்தான் கிளம்பி வந்தனுங்க. எல்லாம் நம்ம லேப்ல பழகுனதுதான்" என்றான். அவன் போன பிறகும் அந்தப் பேச்சு மனதை விட்டுப் போகவில்லை. நான் வரலாற்று வாத்தியார். சோழர் வரலாறும் பிரெஞ்சுப் புரட்சியும் சொல்லிக் கொடுத்த எனக்கு, என் கண் முன்னால் நடந்த இந்தச் சின்ன வரலாற்றை எழுதி வைக்கத் தோன்றியது. அதில் நான் செய்த ஒரு தப்பும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். பதிவு நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

வரலாற்று வாத்தியாருக்கு கம்ப்யூட்டர் லேப்பில் என்ன வேலை என்று புது உறவினர்கள் கேட்கலாம். பழைய பிள்ளைகளுக்குத் தெரியும். கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாத வருஷங்களில் லேப் சாவி என் கையில்தான் இருந்தது. காரணம், பள்ளியில் வேறு யாரும் தொடப் பயந்த காலத்தில் நான் பழனியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் காசு கட்டிப் படித்தவன். அந்தத் தகுதி ஒன்றே போதுமானதாக இருந்தது. (எந்தப் பள்ளி என்று இங்கே எழுதவில்லை. படித்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை.)

கதை 1999-இல் தொடங்குகிறது. அந்த வருஷம் ஏப்ரல் 26-ஆம் தேதி உலகம் முழுக்க ஏராளமான கம்ப்யூட்டர்கள் காலையில் எழுந்திருக்கவே இல்லை. சிஐஎச் என்ற வைரஸ். தைவானில் சென் இங்-ஹாவ் என்ற கல்லூரி மாணவர் எழுதியது. அவர் பெயரின் முதலெழுத்துகள்தான் வைரஸின் பெயர். 1986-இல் செர்னோபில் அணு உலை வெடித்ததும் ஏப்ரல் 26-தான் என்பதால் செர்னோபில் வைரஸ் என்றும் சொன்னார்கள். அது ஹார்ட் டிஸ்கின் தொடக்கப் பகுதியை அழித்துவிடும். புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழித்துப் போட்ட மாதிரி. சில மெஷின்களில் தாய்ப்பலகையில் இருக்கும் பயாஸையே கெடுத்துவிடும். அப்படிக் கெட்டால் மெஷினை ஆன் செய்தாலும் திரை கறுப்புதான்.

நான் படித்த சென்டரிலும் அன்றைக்கு ஐந்தாறு மெஷின் படுத்துவிட்டது. சென்டர்காரர் ஒவ்வொன்றாகச் சரி செய்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் ஒரு ஃப்ளாப்பி போட்டு எழுப்ப வேண்டும். ஹார்ட் டிஸ்கைப் பிரித்து ஃபார்மேட் செய்ய வேண்டும். பிறகு விண்டோஸ் 98 சிடி. அது முடிந்ததும் திரைக்கு ஒரு டிரைவர், சவுண்டுக்கு ஒரு டிரைவர், பிரிண்டருக்கு ஒரு டிரைவர். பிறகு ஆபீஸ், தமிழ் எழுத்துரு, மற்றது எல்லாம். ஒரு மெஷினுக்கு அரை நாள். அது முடிந்து அடுத்த மெஷினுக்குப் போனால் அதே கேள்விகள், அதே பதில்கள், அதே நீண்ட எண்ணைத் திரும்பத் தட்டுவது. மூன்றாவது நாள் அவர் என்னிடம், "வாத்தியாரே, உங்க பசங்க இம்போசிஷன் எழுதற மாதிரி இருக்குதுங்க" என்றார்.

இந்த இம்போசிஷனுக்கு மருந்து ஏற்கெனவே பூமியின் தென்கோடியில் கண்டுபிடித்திருந்தார்கள். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் மர்ரே ஹாஸார்ட் என்பவர் 1990-களின் நடுவில் எழுதிய கோஸ்ட் என்ற மென்பொருள். கோஸ்ட் என்றால் பேய் என்று நாம் நினைத்தோம். உண்மையில் அது ஒரு நீளமான ஆங்கிலப் பெயரின் சுருக்கம். அவர் யோசனை எளிமையானது. ஒரு மெஷினை மட்டும் நல்லபடியாகத் தயார் செய். எல்லா மென்பொருளும் போட்டு, எல்லா டிரைவரும் போட்டு, சோதித்துப் பார். பிறகு அந்த ஹார்ட் டிஸ்கை அப்படியே ஒரு கோப்பாக எடுத்துக்கொள். அதைத்தான் இமேஜ் என்கிறோம். தமிழில் படிமம். கோயில் சிலையை வார்க்க முதலில் மெழுகில் ஓர் உரு செய்வார்களே, அந்த மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மெழுகு ஒரு வார்ப்போடு உருகிப் போய்விடும், இந்தப் படிமம் எத்தனை முறை வார்த்தாலும் அப்படியே இருக்கும்.

1998-இல் அமெரிக்காவின் சிமான்டெக் நிறுவனம் அதை வாங்கியது. நம் பக்கத்து கம்ப்யூட்டர் கடைப் பையன்கள் எல்லோர் சட்டைப் பையிலும் ஒரு கோஸ்ட் ஃப்ளாப்பி இருந்த காலம் உண்டு. ஆனால் ஃப்ளாப்பி கோஸ்ட்டிலும் ஒரு சங்கடம் இருந்தது. ஒரு மெஷினைத் திறந்து, ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, தாய் மெஷினில் மாட்டி, நகல் எடுத்து, மறுபடி கழற்றி மாட்ட வேண்டும். அரை நாள் வேலை அரை மணி நேரமானது உண்மைதான். ஆனால் இருபது மெஷினுக்கு இருபது அரை மணி நேரம். ஸ்க்ரூ தொலைவது தனிக்கணக்கு.

இங்கேதான் நெட்வொர்க் வருகிறது. மெஷின்கள் எல்லாம் கேபிளில் இணைந்திருக்கும்போது, கேபிள் வழியாகவே படிமத்தை அனுப்பினால் என்ன?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். படிமம் 4 ஜிபி என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய 100 எம்பிபிஎஸ் நெட்வொர்க்கில் நடைமுறையில் ஒரு நொடிக்கு 10 எம்பி போகும். 4,000 எம்பி போக 400 நொடி, சுமார் 7 நிமிடம். ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனியாக அனுப்பினால் 20 மெஷினுக்கு 8,000 நொடி. அதாவது 2 மணி 13 நிமிடம். கழற்றி மாட்டும் வேலை மிச்சம், ஆனால் நேரம் அவ்வளவாக மிச்சமில்லை. ஒரே கேபிளில் ஒரே விஷயத்தை இருபது தடவை அனுப்புகிறோம்.

இப்போது என் வகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். நோட்ஸ் கொடுக்கும்போது நான் ஒவ்வொரு பையனின் காதிலும் போய்த் தனித்தனியாகச் சொன்னேனா? மேசைக்குப் பக்கத்தில் நின்று ஒரு தடவை சொல்வேன், நாற்பது பேர் எழுதுவீர்கள். அதுதான் மல்டிகாஸ்ட். சர்வர் ஒரு தடவை சொல்லும், கேட்கத் தயாராக இருக்கும் எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் எழுதிக்கொள்ளும். இருபது மெஷினானாலும் அதே 7 நிமிடம்தான், கூடக் கொஞ்சம் ஆகலாம். இதற்கான விதிமுறையை ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் டீரிங் என்பவர் வகுத்தார். 1989-இல் அது இணையத்தின் பொது விதியாக வெளியானது.

டிக்டேஷனில் என்ன தொல்லை உண்டோ அத்தனையும் மல்டிகாஸ்ட்டிலும் உண்டு. கடைசி பெஞ்சில் ஒருவனுக்கு ஒரு சொல் காதில் விழாது. "சார், திருப்பிச் சொல்லுங்க" என்பான். சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். மல்டிகாஸ்ட் என்கிற விதி மட்டும் இருந்தால் போதாது. அது சொல்லிக்கொண்டே போகும், கேட்டதா இல்லையா என்று பார்க்காது. அதனால் இந்த வேலைக்கான மென்பொருள்கள் எல்லாம் ஒவ்வொரு பகுதி முடிந்ததும் "எல்லோரும் எழுதியாச்சா?" என்று கேட்டு, விட்டுப்போனதை மட்டும் மறுபடி அனுப்பும். மெதுவாக எழுதுபவன் வேகம்தான் வகுப்பின் வேகம் என்பதும் அப்படியே. எங்கள் லேப்பில் பதின்மூன்றாவது மெஷின் கேபிளை எலி கடித்து வைத்திருந்தது. அந்த ஒன்றால் மற்ற பத்தொன்பதும் காத்திருக்கும். அந்தக் கேபிளை மாற்றிய பிறகுதான் 7 நிமிடம் என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

இன்னொரு கேள்வி உங்களுக்கு வந்திருக்கும். வெறும் ஹார்ட் டிஸ்க் உள்ள மெஷின், தன்னுள் எந்த மென்பொருளும் இல்லாதபோது, எப்படி டிக்டேஷனுக்கு உட்காரும்? பிறந்த குழந்தைக்குப் பசித்தால் அழத் தெரியும் அல்லவா, அது போல நெட்வொர்க் கார்டுக்குள்ளேயே ஒரு சின்ன அறிவை வைத்தார்கள். இன்டெல் நிறுவனம் 1990-களின் கடைசியில் கொண்டுவந்த இந்த முறைக்குப் பிஎக்ஸ்இ என்று பெயர். 'பிக்ஸி' என்பார்கள். மெஷினை ஆன் செய்து எஃப்12 விசையை அழுத்தினால், அது நெட்வொர்க்கில் "நான் யார்? என் முகவரி என்ன? யாரிடம் போக வேண்டும்?" என்று கூப்பிடும். சர்வர் ஒரு முகவரி கொடுத்து, ஒரு சின்ன நிரலையும் அனுப்பும். அந்த நிரல் எழுந்து உட்கார்ந்து மீதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். "எஃப்12, எஃப்12" என்று கத்திக்கொண்டு இருபது பேர் ஒரே நேரத்தில் விசையைத் தட்டியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

எங்கள் லேப்புக்கு இது வந்த விதம் சொல்ல வேண்டும். பெற்றோர் ஆசிரியர் கழகமும் பழைய மாணவர்களும் சேர்ந்து ஒரே மாடலில் 20 மெஷின் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். கோஸ்ட்டின் நெட்வொர்க் பதிப்புக்குக் காசு கட்ட நமக்கு வழியில்லை. அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவன் குளோன்ஜில்லா சிடி ஒன்றைக் கொண்டுவந்தான். காசில்லாதது, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். செய்தவர்கள் தைவானின் தேசிய உயர்திறன் கணிப்பு மையத்தைச் சேர்ந்தவர்கள். பள்ளி லேப்புகளுக்கு உதவ வேண்டும் என்பதே அவர்களின் நோக்கங்களில் ஒன்று. 41 கம்ப்யூட்டர்களுக்கு 5.6 ஜிபி படிமத்தைச் சுமார் 10 நிமிடத்தில் மல்டிகாஸ்ட் வழியாக அனுப்பியதாக அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். 1999-இல் நம் மெஷின்களைப் படுக்க வைத்த வைரஸும் தைவானிலிருந்து வந்தது, எழுப்பிவிட்ட மருந்தும் தைவானிலிருந்தே வந்தது. வரலாற்று வாத்தியாருக்கு இதைக் குறிப்பிடாமல் போக மனம் வரவில்லை.

முதல் தடவை அனுப்பி முடித்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. இருபது மெஷினும் எழுந்தன. எழுந்தவுடன் ஒவ்வொன்றும் "இந்தப் பெயர் நெட்வொர்க்கில் ஏற்கெனவே இருக்கிறது" என்று சண்டை பிடித்தன. தாய் மெஷினின் பெயர் 'லேப்1'. நகல் எடுத்ததால் இருபதின் பெயரும் 'லேப்1'. நம் ஊர்ப் பக்கம் ஒரு வகுப்பில் நான்கு பழனிச்சாமி இருப்பார்கள். "பழனிச்சாமி" என்று கூப்பிட்டால் நான்கு பேரும் எழுந்து நிற்பார்கள். அதற்குத்தானே இனிஷியல் வைத்திருக்கிறோம்? அன்றைக்கு இருபது மெஷினுக்கும் ஒவ்வொன்றாக இனிஷியல் வைத்தோம். நகல் எடுக்க 7 நிமிடம், பெயர் வைக்க ஒரு மணி நேரம்.

பெயர் போக, விண்டோஸ் உள்ளுக்குள் ஒவ்வொரு மெஷினுக்கும் ஓர் அடையாள எண் வைத்திருக்கும். நகல் எடுத்தால் அதுவும் ஒன்றாகிவிடும், ஆபத்து என்று உலகம் முழுக்கப் பல வருஷம் பயந்தார்கள். அதை மாற்றிக் கொடுக்கவே தனி மென்பொருள்கள் வந்தன. அப்படி ஒன்றை எழுதியவர்களில் ஒருவரான மார்க் ருசினோவிச், 2009-இல், நன்றாக ஆராய்ந்து பார்த்ததில் அந்தப் பயம் பெரும்பாலும் கட்டுக்கதைதான் என்று எழுதி, தன் மென்பொருளையே நிறுத்திவிட்டார். தான் பரப்பியதைத் தானே தவறு என்று ஒப்புக்கொண்ட அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை உண்டு.

தமிழ்நாட்டில் இது தனியாக எங்கள் லேப்பில் மட்டும் நடந்த கதையில்லை. உங்களில் பலர் பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸில் ஸ்டார் ஆபீஸும் சி++-உம் படித்தவர்கள். அந்தப் பாடப்புத்தகம் எல்லா ஊருக்கும் ஒன்றுதான், எல்லா லேப்பிலும் அதே மென்பொருள் இருந்தாக வேண்டும். 2006, 2007 வாக்கில், உமாசங்கர் ஐ.ஏ.எஸ். தலைமையில் இருந்தபோது, எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறியது. அரசுப் பள்ளிகளுக்கும் அது வந்தது. அதே 2007-இல் சென்னை சி-டாக் மையம் பாஸ் லினக்ஸை வெளியிட்டது, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளோடு. 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அந்த மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் இரண்டும் இருந்தன. லட்சக்கணக்கான மடிக்கணினிகள், எதைத் திறந்தாலும் உள்ளே ஒன்றே. படிமம் என்ற யோசனை இல்லாமல் இப்படி ஒரு வேலையை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. வாங்கிய மறுநாளே பெண் பிள்ளைகள் மூடியில் நகப்பாலிஷால் பெயர் எழுதி வைத்திருந்ததும், பையன்கள் ஸ்டிக்கர் ஒட்டியதும் எனக்கு நினைவிருக்கிறது. யாருடையது எது என்று வேறு எப்படித் தெரியும்?

இனி என் தப்புக்கு வருகிறேன்.

2012 ஜனவரிக் கடைசி. பிளஸ் டூ பிராக்டிகல் தேர்வு நெருங்கிவிட்டது. லேப்பில் பென் டிரைவ் வழியாக வைரஸ் ஏறி, பாதி மெஷின் நகரவில்லை. படிமம் அனுப்பி எல்லாவற்றையும் புதிதாக்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். அந்த வருஷத்துக் கரண்ட் கட் உங்களுக்கு மறந்திருக்காது. நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் இருக்காது என்ற நிலை வந்திருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது. ஏழு மணிக்குள் முடித்தாக வேண்டும், யுபிஎஸ் பதினைந்து நிமிடம்கூடத் தாங்காது.

எங்கள் மெஷின்களில் ஹார்ட் டிஸ்க் இரண்டு பகுதி. சி-யில் சிஸ்டம். டி-யில் பிள்ளைகளின் கோப்புகள். "எதைச் செய்தாலும் டி-யில் சேமியுங்கள், சி என்றைக்கு வேண்டுமானாலும் போகும்" என்று வாரம் ஒரு தடவை சொன்னவன் நான். குளோன்ஜில்லாவில் படிமம் எடுக்கும்போது முழு டிஸ்க்கா, ஒரு பகுதி மட்டுமா என்று ஒரு கேள்வி வரும். அந்த முறை படிமத்தைப் புதிதாக எடுத்தேன், அவசரத்தில் முழு டிஸ்க் என்று கொடுத்துவிட்டேன். தாய் மெஷினின் டி-யை அன்று காலையில்தான் சுத்தம் செய்து வைத்திருந்தேன். காலி.

ஆறரை மணிக்கு வேலை முடிந்தது. இருபது மெஷினும் புதுசு போல எழுந்தன. எனக்கு ஒரே சந்தோஷம். கதவைப் பூட்டும் முன் ஒரு மெஷினில் டி-யைத் திறந்தேன். காலி. அடுத்ததில் திறந்தேன். காலி. இருபதையும் திறந்து பார்த்தேன். அதற்குள் கரண்ட் போனது. இருட்டில் அந்த ஸ்டூலில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது.

மற்றவர்களின் கோப்புகள் பெரும்பாலும் பாடப் பயிற்சிகள். நோட்டில் இருக்கிறது, மறுபடி தட்டிவிடலாம். ஒருத்தியுடையது அப்படியில்லை. அவள் என் வரலாற்று மாணவி. நான் கொடுத்த ஒரு சின்ன வேலையை அவள் பெரிதாக எடுத்துக்கொண்டு, தன் அம்மாயியிடம் கேட்டுக் கேட்டு, ஊரைச் சுற்றியுள்ள காடு, தோட்டம், கிணறு, பாறை எல்லாவற்றின் பெயரையும், அந்தப் பெயர் ஏன் வந்தது என்பதையும் ஆறு மாதமாகத் தட்டச்சு செய்து வந்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து ஒன்பதாம் நம்பர் மெஷினில் உட்காருவாள். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை, பென் டிரைவ் இல்லை. நாற்பது பக்கம். எந்தக் கெஜட்டியரிலும் இல்லாத பெயர்கள்.

மறுநாள் காலை நானே அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் அழவில்லை. ஒன்பதாம் நம்பரில் போய் உட்கார்ந்து பார்த்தாள். பிறகு எட்டில், பத்தில். திரும்பி வந்து, "இருபதுலயும் ஒரே மாதிரி நல்லா இருக்குதுங்க சார். என்னோடது மட்டும் இல்லைங்க" என்றாள். முப்பத்திரண்டு வருஷ வேலையில் எந்த அதிகாரி சொன்னதும் எனக்கு இப்படி உறைத்ததில்லை.

பழனியிலிருந்து ஒரு கடைப் பையனை அழைத்துவந்து, அழிந்த கோப்புகளை மீட்கும் மென்பொருளை ஓடவிட்டோம். படிமத்தில் டி காலியாக இருந்ததால் அந்த இடத்தில் பெரிதாக எதுவும் எழுதப்படவில்லை. பழைய எழுத்துகள் சில டிஸ்கில் அப்படியே கிடந்தன. ஆயிரக்கணக்கான கோப்புகள் வந்தன. ஆனால் பெயர் இல்லாமல், வெறும் எண்களாக. மூன்று நாள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்ததில் அவளுடைய கோப்பின் பழைய வடிவம் ஒன்று அகப்பட்டது. பதினான்கு பக்கம். மீதி இல்லை.

தேர்வு முடிந்து கோடை விடுமுறையில் அவள் மறுபடி அம்மாயியிடம் உட்கார்ந்தாள். நானும் சில நாள் போய் எழுதிக்கொடுத்தேன். பெரும்பாலானவை திரும்பி வந்தன. ஆனால் முதல் தடவை சொன்ன சில பெயர்கள் இரண்டாவது தடவை அந்தப் பெரியம்மாவின் நினைவுக்கு வரவேயில்லை. "அன்னைக்குச் சொன்னேனே கண்ணு, நீதான எழுதிக்கிட்ட" என்று அவளையே திருப்பிக் கேட்டார். அந்தச் சில பெயர்கள் போனது போனதுதான். அதற்குக் காரணம் நான்.

உ.வே.சாமிநாதையர் ஏடு தேடிய கதையை வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கும் முன் அவர் ஊர் ஊராக அலைந்து பல சுவடிகளைச் சேர்த்து ஒப்பிட்டுப் பார்த்தார். ஏடு எழுதியவர்கள் மனிதர்கள். ஒவ்வொருவரும் வெவ்வேறு இடத்தில் பிழை விட்டார்கள். ஓர் ஏட்டில் விட்டுப்போனது இன்னோர் ஏட்டில் இருந்தது. அதனால்தான் சரியான பாடத்தை அவரால் கண்டுபிடிக்க முடிந்தது. படிமத்தில் அந்த வசதி கிடையாது. தாயில் இல்லாதது இருபதிலும் இல்லை. தாயில் பிழை இருந்தால் இருபதிலும் அதே இடத்தில் அதே பிழை. இருபது பிரதி இருப்பதாலேயே பத்திரம் என்று நினைப்பது மயக்கம். அது இருபது தடவை எழுதிய ஒரே பிரதி.

2024 ஜூலை 19-ஆம் தேதி உலகமே இதைப் பார்த்தது. ஒரு பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு சின்னக் கோப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றன. விமானங்கள் நின்றன, ஆஸ்பத்திரி வேலைகள் தடைப்பட்டன. அனுப்பும்போது எல்லோருக்கும் சேர்த்துப் போனது. சரி செய்யும்போது பல இடங்களில் ஆட்கள் ஒவ்வொரு மெஷினாகப் போய்த் தொட வேண்டியிருந்தது. 1999-இல் பழனி சென்டர்காரர் உட்கார்ந்த மாதிரியே.

நான் இந்த முறையைக் குறை சொல்லவில்லை. ஒன்றைச் சொன்னால் இருபது பேரும் எழுதிக்கொள்வது எவ்வளவு பெரிய வசதி! தமிழ் தட்டச்சுக்கு எ-கலப்பையை ஒரு மெஷினில் போட்டோம், ஏழு நிமிடத்தில் இருபது பிள்ளைகளுக்கும் தமிழ் வந்தது. அது இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை நாற்பது பக்கத்தைத் தட்டியிருக்கவே முடியாது. ஆனால் அனுப்புவதற்கு முன், எதன் மேல் எழுதப் போகிறோம் என்று ஒரு தடவை பார்க்க வேண்டும். அந்த 2012-க்குப் பிறகு லேப் கதவில் ஒரு தாள் ஒட்டினேன். ஓய்வு பெறும் வரை அது இருந்தது. ஒன்று, அனுப்பும் முன் ஒவ்வொரு மெஷினிலும் பிள்ளைகளின் கோப்பு வேறு இடத்துக்கு எடுத்தாச்சா? இரண்டு, ஒரே ஒரு மெஷினுக்கு அனுப்பிச் சோதித்தாச்சா? மூன்று, கரண்ட் போகப் போகிறது என்று அவசரப்படுகிறோமா? மூன்றாவதற்கு ஆமாம் என்று பதில் வந்தால் நாளைக்குச் செய்யலாம்.

ஞாயிற்றுக்கிழமை வந்த பையனிடம், முந்நூறு மெஷினுக்கு அனுப்பும் முன் என்ன செய்தாய் என்று கேட்டேன். "முதல்ல ஒண்ணே ஒண்ணுக்கு அனுப்பிப் பார்ப்பனுங்க சார். அதுக்கு முன்னாடி எல்லார் கோப்பையும் தனியா எடுத்து வச்சிருவனுங்க. நம்ம லேப் கதவுல ஒட்டியிருந்துதுங்களே" என்றான். எனக்கு அது போதும்.

அந்தப் பெண் இன்றைக்குத் திருப்பூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. இதை எழுதும் முன் அவளிடம் அனுமதி கேட்டேன். "எழுதுங்க சார், பேர் மட்டும் போடாதீங்க" என்றாள். அந்தத் தொகுப்பு இப்போது மூன்று இடத்தில் பத்திரமாக இருக்கிறதாம், ஒன்று காகிதத்தில்.

பிள்ளைகளே, ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு அம்மாயியோ அப்பத்தாவோ சொன்ன காட்டுப் பெயர், கிணற்றுப் பெயர் எதுவும் நினைவிருந்தால் கீழே எழுதுங்கள். நெய்க்காரப்பட்டி, பாலசமுத்திரம், ஆயக்குடி, எந்த ஊரானாலும் சரி. அவள் விட்டுப்போன பெயர்களில் ஒன்றாவது உங்கள் யாரிடமாவது இருக்கலாம்.

எல்லோரும் நலமாக இருங்கள்.